கிழக்கு மேட்டுக் கடைசிப் பெட்டி

உடலைக் கட்டிலிலிருந்து தூக்கி முன்னறைப் பெஞ்சில் கிடத்தும்போது, தலைமாட்டைப் பிடித்திருந்த தம்பியின் கண் கட்டிலுக்கு அடியில் ஒரு தடவை போய்த் திரும்பியதை டீச்சர் பார்த்துவிட்டாள். பரீட்சை அறையில் காலம் தள்ளிய கண் அது. பக்கத்துப் பேப்பரை எட்டிப் பார்க்கிறவன் முகத்தை எவ்வளவு பாவமாக வைத்துக்கொண்டாலும் அவளிடம் தப்பியதில்லை.

“மாமா கனமே இல்லக்கா. பஞ்சு மாதிரி ஆயிட்டாரு” என்று சொல்லி அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அழுகை பொய்யில்லை. அந்தப் பார்வையும் பொய்யில்லை. இரண்டும் ஒரே முகத்தில் எப்படி இருக்கும் என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை.

சுரங்கம் மூடியதும் அதை நம்பியிருந்த ஆஸ்பத்திரி, சினிமாக் கொட்டகை, அவள் கணக்குச் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஆனால் ஊர் வைத்த பெயர்களை மட்டும் யாரும் மூடவில்லை. அவள் இன்னும் டீச்சர்தான். பெஞ்சில் கிடந்த கணவர் சுரங்கத்தின் ஜியாலஜிஸ்ட். ஊருக்கு அவர் கல்நக்கி. எந்தக் கல்லைக் கையில் எடுத்தாலும் நாக்கு நுனியால் ஒரு தொடு தொட்டு வெயிலில் திருப்பிப் பார்ப்பார். ஈரம் பட்டால்தான் கல் தன் நிறத்தைக் காட்டும் என்பார். முதல்முறை அவள் வீட்டுக்கு வந்தபோது வாசற்படிக் கல்லையும் விட்டுவைக்கவில்லை.

கட்டிலுக்கு அடியில் இருந்தது ஒரு பெட்டி. கையை விரித்த நீளம், ஒரு சாண் உயரம், நாலு மூலையிலும் திருகாணி. அந்தப் பெட்டியால்தான் இந்த வீட்டு நிம்மதி போனது.

பூமிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எங்கே பார்த்தாலும் வெட்டிக்கொண்டே போக முடியாது. குழாய் போன்ற கருவியைச் சுழலவிட்டு இறக்கினால், குழாய்க்குள் கல் உருளை உருளையாக ஏறி வரும். வந்த வரிசை மாறாமல் அவற்றை நீளப் பெட்டிகளில் அடுக்குவார்கள். மேலே இருந்த கல் முதல் பெட்டியில், அடியிலிருந்து வந்தது கடைசிப் பெட்டியில். துளை போடுகிறவன் அடுக்கித் தருவான், ஜியாலஜிஸ்ட் பார்த்துச் சொல்வார். இந்த ஊருக்குச் சோறு போட்ட தங்கம் வெள்ளைப் படிகக்கல்லுக்குள் ஒரு பட்டையாக ஓடியது. தாத்தன் காலத்திலிருந்து அதைப் பிடித்துக்கொண்டே போனவர்கள், கிழக்கு மேட்டுக்கு அடியில் பாறை பிளந்து நகர்ந்திருந்த ஓர் இடத்தில் அதைத் தொலைத்துவிட்டார்கள். பிளவுக்குப் பக்கத்தில் பட்டை தொடர்கிறதா, இல்லையா? அதைப் பார்க்கத்தான் மேட்டில் கடைசித் துளை போட்டார்கள். துளை போட்டவன் தம்பி. பார்த்துச் சொன்னவர் அவள் கணவர். ‘இல்லை’ என்று எழுதிக்கொடுத்தார். சுரங்கம் மூடியது.

பிறகு கல் கொட்டகையைப் பிரித்து, பெட்டிப் பெட்டியாக இருந்த கற்களை ரோட்டுப் பள்ளங்களில் கொட்டினார்கள். அப்போது கிழக்கு மேட்டுத் துளையின் கடைசிப் பெட்டி மட்டும் காணோம். அது எங்கே இருக்கிறது என்பதும் சீக்கிரமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. வெறும் கல்லை எவனாவது கட்டிலுக்கு அடியில் வைத்துத் திருகாணி போட்டுத் தூங்குவானா? ஊர் கேட்டது. யார் கேட்டாலும் தம்பியிடம் ஒரே பதில் இருந்தது: “நான் தோண்டி எடுத்துக் குடுத்தேன். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு மாமாவத்தான் கேக்கணும்.” டீக்கடையில் சொன்னான், கல்யாண வீடுகளில் சொன்னான், இவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் சிரித்துக்கொண்டே சொன்னான். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

டீச்சரும் கேட்டிருக்கிறாள்.

“எங்கிட்டயாவது சொல்லக்கூடாதா?”

“வெறும் கல்லும்மா.”

“வெறும் கல்லுக்கு எதுக்குத் திருகாணி?”

அதற்குப் பதில் வந்ததில்லை. வராத பதிலை வைத்துக்கொண்டே அவள் குடும்பம் நடத்தினாள். அவர்மேல் பிரியம் இல்லாமலில்லை. ஆனால் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்கும்போதுகூட அந்தச் சந்தேகம் அவள் குரலில் எட்டிப் பார்க்கும். அவருக்கும் அது கேட்டிருக்கும்.

நேற்று மாலை, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தவர் அவள் கையைப் பிடித்தார். “பெட்டியத் திறக்கிறதா இருந்தா... உன் தம்பி இல்லாத நேரமாப் பாத்துத் திற” என்றார். அப்புறம் தண்ணீர் கேட்டார், கொடுத்ததைக் குடிக்கவில்லை. விடியும்போது மூச்சு நின்றிருந்தது.

அப்படியானால் உள்ளே இருக்கிறது. அழுகையோடு அழுகையாக அவள் இதையும் நினைத்தாள். இருக்கிறது, அதில் என் தம்பிக்குப் பங்கு போய்விடக்கூடாது என்று போகிற நேரத்திலும் கணக்குப் பார்த்திருக்கிறார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தம்பி அவளுக்கு வெறும் தம்பியா? அம்மா போகும்போது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. இவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை, அவன்தான் பிள்ளை. சரியான அவசரக்குடுக்கை, எந்த வேலையிலும் நிலைத்து நிற்காதவன். சுரங்கத்தில் துளைக்கருவி வேலைக்கு அவனைச் சேர்த்துவிடச் சொல்லிக் கணவரை நச்சரித்தவளும் அவள்தான். “அவனுக்குப் பொறுமை பத்தாதே” என்று அவர் இழுத்தார். “உங்க ஒரு வார்த்தை போதும்” என்றாள். அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்னார்.

வெயில் ஏற ஏற ஆட்கள் வந்தார்கள். முதலில் அவர் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு கதவுக்கு முட்டுக்கொடுத்த கல்லை, ஜன்னல் விளிம்பில் வரிசையாக இருந்த கற்களை, மேசைமேல் காகிதம் பறக்காமலிருக்க வைத்த கல்லைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் மூக்கைத் துடைக்கிற சாக்கில் ஒரு கல்லை எடுத்துக் கனம் பார்த்துவிட்டு வைத்தார். துக்கம் கேட்க வந்தவர்களா, சோதனை போட வந்தவர்களா என்று டீச்சருக்குப் பிடிபடவில்லை.

கம்பெனிப் பெண்ணும் வந்தாள். இந்தப் பழைய சுரங்க வட்டாரத்தில் இன்னும் ஏதாவது தேறுமா என்று பார்க்கப் புதிதாக ஒரு கம்பெனி வந்திருந்தது. கழிவுமண் மேடுகளில் மாதிரி அள்ளினார்கள், சரிவுகளில் கல் தட்டினார்கள், போன வாரம் கிழக்கு மேட்டிலேயே துளைக்கருவியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். அவர்களுடைய ஜியாலஜிஸ்ட் இந்தச் சின்னப் பெண். அவர் படுக்கையில் விழுமுன் பலமுறை வந்து பேசிக்கொண்டிருந்தாள். அவரும் சுரங்கத்தின் ஒவ்வொரு மட்டத்தையும் படம் போட்டுக் காட்டுவார். பேச்சு கிழக்கு மேட்டுக்கு வந்ததும் டீ ஆறுகிறது என்பார்.

புழுதி பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு அவள் அவர் காலடியில் நின்று அழுதாள். இவளுக்கு என்ன இவ்வளவு அழுகை என்று டீச்சர் நினைத்தாள்.

“கடைசி வரைக்கும் அந்தத் துளையப் பத்தி சார் சொல்லவே இல்ல டீச்சர்.”

“எங்கிட்டயே சொல்லல. உங்கிட்டச் சொல்லுவாரா?”

தம்பி டீச்சரைச் சமையலறைக்குக் கூப்பிட்டான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“அக்கா, கோச்சுக்காத. அந்தப் பெட்டி இனிமே இங்க இருக்கக்கூடாது. மாமா பேரு கெட்டுடும்.”

“இனிமே கெட என்ன பாக்கி இருக்கு?”

“கம்பெனிக்காரி மோப்பம் புடிச்சுட்டு வந்து நிக்கிறா பாரு. அடக்கம் முடிஞ்சதும் கேப்பா. பின்பக்கம் வண்டி நிக்குது. தூக்கிட்டுப் போய்ப் பழைய சுரங்கக் குழில போட்டுடுறேன். காதும் காதும் வெச்ச மாதிரி முடிஞ்சிடும்.”

டீச்சர் அடுப்பை அணைத்தாள். தங்கம் இருக்கிற பெட்டியை ஒருவன் குழியில் போடுவானா? போடுகிறேன் என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோவானா? அல்லது... அல்லதுக்கு மேல் கணக்கு நகரவில்லை.

“உள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?”

“எனக்கெப்படித் தெரியும்? நான் தோண்டி எடுத்துக் குடுத்தேன். அதுக்கப்புறம்...”

“மாமாவத்தான் கேக்கணும். போ, கேட்டுட்டு வா. முன்னறைலதான் படுத்திருக்காரு.”

அவன் முகம் சுருங்கியது. அதற்குள் மேஸ்திரி சமையலறை வாசலுக்கு வந்துவிட்டார். சுரங்கத்தில் ஷிஃப்ட் நடத்தியவர். இப்போது ஊரில் நல்லது கெட்டதை நடத்துகிறவர்.

“டீச்சர், இடுகாட்டுல குழி இறங்கமாட்டேங்குது. இடுப்பளவு போனதும் பாறை. கடப்பாரை துள்ளுது. தம்பி வந்தாத்தான் ஆகும்.” மேஸ்திரி முன்னறைப் பக்கம் பார்த்தார். “அவரு இருந்தா ஒரு நக்கு நக்கி என்ன கல்லுன்னு சொல்லியிருப்பாரு.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கை அடைத்தன.

“வேற யாரயாவது பாருங்களேன்” என்றான் தம்பி.

“இந்த ஊர்ல பாறையத் துளைக்கத் தெரிஞ்ச ஒரே ஆளு நீதான்னு நீதானப்பா சொல்லுவ? கெளம்பு.”

தம்பி கிளம்பினான். வாசல் தாண்டுமுன் திரும்பி, “அக்கா, நான் வர்ற வரைக்கும் அதத் தொடாத” என்றான். அவன் வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் ஒருவேளை அவள் தொட்டிருக்கமாட்டாள்.

டீச்சர் கம்பெனிப் பெண்ணைக் கண்ணால் கூப்பிட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்தினாள்.

இருவருமாகப் பெட்டியை வெளியே இழுத்தார்கள். திருகாணிகள் துருவேறி இறுகியிருந்தன. மூன்று திரும்பின, நான்காவது பிடிவாதம் பிடித்தது. அலமாரியிலிருந்து அவருடைய சுத்தியலை எடுத்துக் கூர்முனையைக் கொடுத்து நெம்பியதும், மூடி விரிசலோடு எழுந்துகொண்டது.

உள்ளே நீளவாக்கில் தடுப்புகள், தடுப்புகளுக்குள் கல் உருளைகள். எல்லாம் சாம்பல். டீச்சர் ஒன்றை எடுத்தாள். கூஜாவில் தண்ணீர் இருந்தது. ஆனால் கை வாய்க்குத்தான் போனது. நாக்கில் மண்ணும் துருவும் கரித்தன. ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். சாம்பல் கொஞ்சம் கறுத்தது, அவ்வளவுதான். இன்னொன்று. இன்னொன்று.

“வெறும் கல்லு டீச்சர்” என்றாள் அந்தப் பெண்.

அதே வார்த்தை. டீச்சர் கடைசித் தடுப்புக்குப் போனாள். அங்கே சாம்பல் முடிந்து, வெள்ளைப் படிகக்கல் துண்டும் துணுக்குமாகத் துருக்கறை படிந்து கிடந்தது. அதற்கு அடுத்து ஒன்றுமில்லை. முழங்கை நீளத்துக்குத் தடுப்பு காலி. காலி இடத்தின் நடுவில் ஒரே ஒரு மரக்கட்டை. அதைத் தாண்டி மறுபடி சாம்பல்.

“எடுத்திருக்காரு” என்றாள் டீச்சர். “ஊர் சொன்னது நெசம்தான். எடுத்துட்டாரு.”

தரையில் உட்கார்ந்தாள். காலையில் வெந்நீரில் துணி நனைத்து முகம் துடைத்துவிட்டது ஒரு திருடனுக்கா? இத்தனை நாள் மனதின் ஓரத்தில், ஒருவேளை இருக்காது, இவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று ஒரு நம்பிக்கை ஒளிந்திருந்தது. அது இருந்ததே இப்போது போகும்போதுதான் தெரிந்தது.

“இருங்க டீச்சர், இருங்க.” அந்தப் பெண் முட்டிபோட்டு, விரலால் காலி இடத்தைத் தடவினாள். “இதுதான் பாறை பிளந்த எடம். இங்க கல்லு நொறுங்கிப் போயிருக்கும். கருவிய மெதுவா இறக்கினா கொஞ்சம் கொஞ்சமா குழாய்க்குள்ள வரும். அவசரப்பட்டு வேகமா இறக்கினா மாவா அரைஞ்சு தண்ணியோட வெளிய போயிடும். கைக்கு ஒண்ணும் வராது. வரலேன்னா அந்த எடத்துல ஒரு கட்டை வெக்கணும். இதோ, இதுதான்.”

“யாரு வெக்கணும்?”

“துளை போடுறவர்தான். கருவிக்குப் பக்கத்துலயே, கல்லு அடுக்கும்போதே. எங்க கைக்குப் பெட்டி வர்றதுக்கு முன்னாடியே.”

“கல்ல எடுத்துட்டு இவரே கட்டைய வெச்சிருந்தா?”

அந்தப் பெண் யோசித்தாள். “அத என்னால சொல்ல முடியாது டீச்சர்.”

டீச்சர் கட்டையை எடுத்தாள். ஒரு முனை கத்தியால் சாய்வாகச் சீவப்பட்டிருந்தது. சாய்வு எதிர்ப்பக்கம் போயிருந்தது. கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தம்பி இடதுகைக்காரன். பென்சில் சீவினாலும் குச்சி சீவினாலும் வெட்டு இப்படித்தான் மறுபக்கம் சாயும். சீவுகிற அவசரத்தில் முனையில் ஒரு சிராய் நீட்டிக்கொண்டிருக்கும், அதைத் தேய்க்க அவனுக்குப் பொறுமை இருக்காது. சின்ன வயதில் அந்தச் சிராய் ஏறிய விரல்களுக்கு ஊசி வைத்து எடுத்துவிட்டவள் அவள். கட்டையின் முனையில் சிராய் இருந்தது.

நான் தோண்டி எடுத்துக் குடுத்தேன். எடுத்துக் கொடுக்கவில்லை என்பதற்கு அவனே வைத்த சாட்சி அவள் உள்ளங்கையில் கிடந்தது.

“அப்ப அங்க தங்கம் இருந்துச்சா?”

“தெரியாது டீச்சர். இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். இப்ப நாங்க போடுற துளைலதான் பாக்கணும். சார் ‘தெரியல’ன்னு எழுதியிருந்தா அப்பவே பக்கத்துல இன்னொரு துளை போட்டிருப்பாங்க. கல்ல வீணாக்கினவருக்கு வேலை போயிருக்கும், அவ்வளவுதான். எனக்குப் புரியல, ஏன் ‘இல்ல’ன்னு எழுதினாரு?”

டீச்சருக்குப் புரிந்தது. நின்றுபோயிருந்த கணக்கு நகர்ந்து வந்து அவள்மேலேயே முடிந்தது. தெரியவில்லை என்று எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் தம்பி. தம்பி என்றால் அவள். அவர் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு, அந்தக் காலி இடத்தை யாரும் பார்த்துவிடாமல் வீட்டுக்குத் தூக்கிவந்து அதன்மேல் படுத்துக்கொண்டார். ஒரு பிள்ளைக்காக ஊர் வயிற்றில் அடித்துவிட்டார். அவன் மேசையில் எதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொன்னபோதெல்லாம் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி இல்லாத நேரமாகப் பார்த்துத் திற என்று அவர் சொன்னது பங்குக்காக அல்ல. அவன் தலைகுனிவதை அவள் பார்க்கக்கூடாது என்பதற்காக.

செய்தது சரியா தப்பா என்று மார்க் போட அவளால் முடியவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. என்னிடம் சொல்லியிருக்கலாமே, பாவி மனுஷா. சொல்லியிருந்தால்? தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று இவர் காலைப் பிடித்திருப்பாள். அது அவருக்குத் தெரியும். அவள் கட்டிலின் விளிம்பில் தலையை வைத்து வாய்விட்டு அழுதாள். காலையிலிருந்து அழுதது வேறு அழுகை. அந்தப் பெண் பயந்துபோய் முதுகைத் தடவினாள்.

முகம் கழுவிக்கொண்டு வந்து டீச்சர் சொன்னாள்: “பெட்டிய மூட வேண்டாம். அவர எடுத்ததும் யாரயாவது கூப்பிட்டுத் தூக்கி முன்னறைப் பெஞ்சுமேல வெச்சிடு. நீ பக்கத்துலயே இரு.”

தம்பி கைமுட்டெல்லாம் கல்தூளோடு திரும்பி வந்தான். படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. சுவரில் பெட்டியின் மூடி சாத்தியிருந்தது. அவன் பார்த்தான். பார்த்துவிட்டு நேராகப் போய் அவர் காலடியில் நின்றுகொண்டான். யாரோ கொடுத்த தண்ணீர் டம்ளர் கையிலேயே இருந்தது.

சுரங்க ஆஸ்பத்திரியின் பழைய ஸ்ட்ரெச்சரில் அவரைக் கிடத்தினார்கள். இடுகாடு தெரு முனையில்தான். நாலு பேர் தூக்கினால் போதும். தூக்குமுன் மேஸ்திரி தொண்டையைக் கனைத்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். எல்லாரும் ஒரு காலத்துல இதுலயே பொழைச்சவங்க. இன்னிக்காவது சொல்லுங்க. அந்தப் பெட்டில என்னதான் இருந்துச்சு?”

கல் எடுத்துக் கனம் பார்த்த கிழவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டார்.

“பெட்டி திறந்துதான் இருக்கு” என்றாள் டீச்சர். “போயிட்டு வந்ததும் எல்லாரும் பாக்கலாம். அதுல என்ன இருந்துச்சுன்னு என் தம்பி சொல்லுவான்.”

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். அவன் குனிந்து ஸ்ட்ரெச்சரின் முன்கைப்பிடிக்குக் கையை நீட்டினான். எப்போதும்போல் இடது கை. டீச்சர் அதைப் பிடித்துத் திருப்பி, கட்டையை உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். ஊசி வைத்துச் சிராய் எடுத்த பிறகு அப்படித்தான் மடக்கிவிடுவாள்.

“இது இருந்த எடத்துல நீயே வந்து வை” என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

“அக்கா...”

“தூக்கு.”

தூக்கினார்கள். கட்டையைப் பிடித்த கையால் கைப்பிடியைச் சரியாகப் பற்ற முடியவில்லை; அந்த மூலை மட்டும் தாழ்ந்தது. அத்தனை கண்களையும் தாண்டி வாசலுக்குப் போய்விடும் வேகத்தில் அவன் காலை எட்டி வைத்தான். மற்றவர்கள் தடுமாறினார்கள்.

“அவசரப்படாத” என்றாள் டீச்சர் பின்னாலிருந்து. “மெதுவாப் போ.”

அவன் நடை குறைந்தது. மற்ற மூவரும் அதற்கேற்பக் காலை மாற்றி வைத்தார்கள். பின்னால் வந்த ஊரும், காரணம் கேட்காமல், நடையைக் குறைத்துக்கொண்டது.